சந்தனப் பொட்டும் தகரமும்

என் பெயரில் மூன்று பொருட்கள் இருக்கின்றன. மதுரைக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு ஸ்கூட்டி, குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடும் ஒரு நாட்டுத் துப்பாக்கி. முதல் இரண்டையும் வாங்கியபோது யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவதைப் பச்சைக் கித்தான் உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று, டீக்கடையில் நின்றவர்கள் கையில் பாதி வடையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. சிம்மக்கல்லில் ஒரு மொத்த மருந்துக் கடையில் பார்மசிஸ்ட் வேலை. வீட்டுக்காரர் ஆரப்பாளையத்திலிருந்து கிளம்பும் பஸ்ஸுக்கு டிரைவர். அத்தனை பெரிய வண்டியை அந்த நெரிசலில் ஓட்டுகிற மனிதர், வீட்டில் பல்லி செத்துக் கிடந்தால் தொட மாட்டார். நான்தான் எடுத்துப் போட வேண்டும். தை மாதம் பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு பழனிக்கு நடப்பவர். முருகன் என்றால் அவருக்கு வேறு பேச்சு கிடையாது.

துப்பாக்கி வாங்கியதோ மயிலுக்காக. சுடுவதற்கு இல்லை, விரட்டுவதற்கு. இந்த ஒரே வரியைத் தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று ஒவ்வொரு மேசை முன்னாலும் நின்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. பொம்பளை பேரில் துப்பாக்கியா என்று எல்லா மேசையிலும் கேட்டார்கள். நிலம் என் பேரில் இருக்கிறது, மயில் என் காட்டில்தான் மேய்கிறது என்று எல்லா மேசையிலும் பதில் சொன்னேன்.

எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். என் காடு ஒரு காலத்தில் அடுத்த காட்டுக்காரர் குடும்பத்துடையது. என் அம்மா அதில் கூலிக்குக் களையெடுத்திருக்கிறார். அவர்கள் விற்க வேண்டி வந்தபோது நான் வாங்கினேன். அதில் அடுத்த காட்டுக்காரருக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு உண்டு. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட்டதில்லை. எப்போதும் "இந்தா பாரு" தான்.

போன இரண்டு புரட்டாசியிலும் போட்ட மக்காச்சோளத்தை மயில்கள் விதை விதையாகக் கிளறித் தின்றுவிட்டன. இந்த வருடம் துப்பாக்கி வந்தும் முதல் விதைப்பு அப்படியே போனது. முளை தலைகாட்டிய மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். கோபத்தில் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த காட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார்.

"இந்தா பாரு, டவுன்ல வேல பாத்துக்கிட்டு வெவசாயம் பாக்க முடியாது. கட்டுப்படியாகலைன்னா சொல்லு, நானே எடுத்துக்கிறேன்."

"இன்னொரு தடவ வெதைக்கிறேன். அதுவும் போச்சுன்னா நீங்களே எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு. சொன்ன பிறகுதான் நாள் கணக்குப் போட்டேன். முளை விட்டுப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் காப்பாற்றிவிட்டால் போதும். நாலு இலை விட்ட பயிரை மயில் தொடாது. அந்தப் பன்னிரண்டு நாளில்தான் என் காடு இருந்தது.

துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். முதல் நாள் குண்டு போடாமல் வெறும் வெடிமருந்தைக் கெட்டித்து வெடித்ததும் அவ்வளவும் பறந்தன. இரண்டாம் நாள் நடந்து போயின. நாலாம் நாள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன. சத்தம் எப்போதும் நான் நிற்கும் மோட்டார் ரூம் பக்கத்திலிருந்துதான் வருகிறது, அதனால் எதிர்ப்பக்கம் நாலு எட்டு தள்ளிப் போனால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டன. அவை வருவது எதிர்ப்பக்கத்துக் கண்மாய்க் கரையிலிருந்து. அங்கே போய் நான் நின்றால் என்னை நேரில் பார்த்துவிட்டு மோட்டார் ரூம் பக்கம் நகரும். ஒருத்தி இரண்டு பக்கமும் நிற்க முடியுமா?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கண்மாய்க் கரை இரண்டு ஆள் உயரம் மண்மேடு. அதன் முன்னால் ஒரு கம்பத்தை நட்டு, பழைய எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரத்தைக் கம்பியில் தொங்கவிட்டால்? மோட்டார் ரூமிலிருந்து நான் சுடும் குண்டு அந்தத் தகரத்தில் பட்டால், இந்தப் பக்கம் வெடி, அந்தப் பக்கம் தகரச் சத்தம். நடுவில் மாட்டிக்கொண்ட மயில் பறந்துதானே ஆக வேண்டும்? குண்டும் தகரத்தைத் துளைத்துக்கொண்டு கரை மண்ணில் புதைந்துவிடும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது.

"நடுவுல மயிலு மேயும்ல?"

"தகரம் ஆள் ஒசரத்துல தொங்கும். மயிலு கீழ நிக்கும்."

"குண்டு எறங்கிருச்சுன்னா?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். "மயிலு மேல ஒரு சிராய்ப்பு விழுந்தாலும் சரி, துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு காட்ட அடுத்த காட்டுக்காரருக்கே குடுத்துருவோம். அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" அவன் என்றது முருகனை. ஜெயில் என்று ஒன்று இருப்பது அவர் நினைவுக்கே வரவில்லை. நான் சரி என்றேன்.

மயில் இல்லாத சாயங்கால வேளையில் பழக ஆரம்பித்தேன். அறுபது எட்டு வைக்கும் தூரத்தில் தகரம். முதல் ஐந்து குண்டில் ஒன்றுதான் பட்டது, அதுவும் ஓரத்தில். இரண்டு, கம்பத்தின் காலடி மண்ணில் இறங்கின. அந்த இடத்தில்தான் மயில் நிற்கும்.

டவுனில் துப்பாக்கிக் கடைக்காரரிடம் கேட்டேன். "இது குழலுக்குள்ள வரி வெட்டாத துப்பாக்கிம்மா. இதுக்கு அம்புட்டுத்தான் குறி. பக்கத்துல போய்ச் சுடுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பொருள் இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி நடந்தால், நாம் அதை ஒரே மாதிரி நடத்தவில்லை என்றுதான் எங்கள் தொழிலில் அர்த்தம். குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றுவோமா?

நான் குத்துமதிப்பாகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வெடிமருந்து அளக்க இருமல் மருந்து பாட்டிலின் அளவு மூடியை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அதே கோடு, தலை தட்டி. கடையின் பரணில் கிடந்த இரட்டைத் தட்டுத் தராசை இறக்கி, ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தேன். கண்ணுக்கு ஒன்று போல இருந்தவை தராசில் ஏறியதும் ஆளுக்கு ஒரு எடை காட்டின. சிலதுக்கு உள்ளே பொத்தல். நான் மலைத்துப்போய்விட்டேன். குண்டுகளைப் பார்த்து "உங்களை நம்பினேனே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடையில் பக்கத்தில் நின்றவர்கள் நான் மாத்திரையிடம் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

குண்டைச் சுற்றி வைக்கும் துணியிலும் விஷயம் இருந்தது. லுங்கித் துணி மொத்தம், கம்பியால் தள்ளினால் பாதியில் நின்றது. பனியன் துணி நெகிழ்ந்து கிழிந்தது. கடைசியில் என் பழைய சுங்குடிச் சேலை ஒன்று சரியாக வந்தது. நூலும் மெல்லிசு, பிடிப்பும் உண்டு. அதை வட்டம் வட்டமாக வெட்டி, மெழுகோடு உருக்கிய விளக்கெண்ணெயில் தோய்த்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஈரத் துணியால் குழலைத் துடைத்தேன். துடைக்காமல் விட்டால் கரி ஏறி, அடுத்த குண்டுக்கு அது வேறு குழல். கெட்டிக்கும் கம்பியில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு, குண்டு ஒவ்வொரு தடவையும் அதே ஆழத்துக்கு இறங்குகிறதா என்று பார்த்தேன்.

இத்தனைக்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. குண்டுகள் இடமும் வலமும் போவது நின்றுவிட்டது. தகரத்தில் துளைகள் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில், சட்டைப் பொத்தான் வரிசை போல விழுந்தன. பார்த்து ஆச்சரியப்பட்டேன், உடனே பயந்தேன். மேலே போவது கரையைத் தாண்டிக் கண்மாய்க்குள் போகலாம். அங்கே ஆடு மேயும். கீழே இறங்குவது மயில் மேல். இடம் வலம் தப்பினாலாவது பரவாயில்லை, எனக்கு ஆகாத பக்கமாகவே பார்த்துத் தப்பியது. அந்த மேல் கீழ்க் கணக்கு மட்டும் எவ்வளவு முயன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

இதற்கு நடுவில் காட்டில் இரண்டாம் விதைப்பும் முடிந்தது. அதோடு ஆயுத பூஜையும் வந்தது.

ஆயுத பூஜை என்றால் என் வீட்டுக்காரரைப் பிடிக்க முடியாது. டெப்போவில் பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, ஸ்டியரிங்கிலிருந்து டயர் வரைக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்தவர், வீட்டிலும் ஆரம்பித்தார். மிக்ஸி, கிரைண்டர், என் ஸ்கூட்டி, என் தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், சுவரில் சாத்தி வைத்திருந்த துப்பாக்கிக்கும் பூ. குழலின் அடிப்பக்கம், கண்ணுக்கு நேராக வரும் இடத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். குழல் நுனியில் குறி பார்ப்பதற்காக மிளகளவு ஒரு குமிழ் இருக்கும். அதன் மேலும் ஒரு அப்பு.

"என்னங்க இது! இம்புட்டு நாளா துணியால தொடச்சுத் தொடச்சு வச்சிருக்கேன்!"

"வருசத்துக்கு ஒரு நாளு. அதுவும் ஆயுதந்தான?"

பூஜையில் வைத்த பொட்டை அவர் கண் முன்னால் அழித்தால் வீட்டில் மூன்று நாள் பேச்சு இருக்காது. அவர் டூட்டிக்குப் போன பிறகு நுனிக் குமிழை மட்டும் நகத்தால் சுரண்டிச் சுத்தம் செய்தேன். அடிப்பக்கத்துப் பொட்டைத் தொட மனசு வரவில்லை. எனக்கும் கொஞ்சம் பயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் தகரத்துக்கு முன்னால் நின்று துப்பாக்கியைத் தூக்கினால், அந்தப் பொட்டு குறுக்கே நின்று மறைத்தது. எரிச்சலோடு கன்னத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன். பொட்டின் தலைக்கு மேல் குமிழ் உட்கார்ந்தது. குமிழுக்கு மேல் தகரம். சுட்டேன். துடைத்து, அளந்து, கெட்டித்து, மறுபடி பொட்டின் தலையில் குமிழ், குமிழின் தலையில் தகரம். சுட்டேன். ஐந்து குண்டு முடிந்ததும் கரைக்கு நடந்தேன்.

ஐந்து துளையும் என் உள்ளங்கைக்குள் அடங்கின.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். அடங்கத்தான் செய்தன. அதுவரை குழலின் அடியில் கண்ணுக்கு ஒரு எல்லை இல்லாததால், ஒவ்வொரு முறையும் என் கன்னம் ஒரு உயரத்தில் சாய்ந்திருக்கிறது. அதுதான் அந்தப் பொத்தான் வரிசை. தராசுக்கும் அளவு மூடிக்கும் பிடிபடாத ஒன்றை, துப்பாக்கி என்றால் பத்தடி தள்ளி நிற்கும் மனிதரின் கட்டைவிரல் சரிசெய்துவிட்டது. அறுபது எட்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு இடத்தை நான் இங்கிருந்து தொட்டிருக்கிறேன். இந்தக் கையா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து பொட்டு வைப்பது அவர் வேலையாயிற்று. சந்தனம் வெயிலில் காய்ந்து உதிரும். விடிந்ததும் டூட்டிக்குக் கிளம்பும் முன் காட்டுக்கு வந்து, சந்தனம் குழைத்து, பழைய தடத்தின் மேலேயே வைப்பார். குண்டு சற்று இறங்கினால் "இன்னும் கொஞ்சம் கனமா வைங்க" என்பேன். ஏறினால் "லேசா வழிங்க." அவர் வாய்க்குள் முருகா முருகா என்றபடி கட்டைவிரலால் வழிப்பார். எனக்கு அது குறி, அவருக்கு அது மயிலுக்காக வைக்கும் வேண்டுதல். இரண்டும் ஒரே பொட்டுதான் என்பதில் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

முளை எட்டிப் பார்த்தது. கம்பத்தில் புதுத் தகரம் மாட்டினேன். மயில்களும் வந்தன. பதினொன்று. முதல் நாள் காலை சுட்டபோது இங்கே வெடி, அங்கே "டணார்". மயில்கள் குழம்பிப்போய் ஒன்றின் மேல் ஒன்று மோதிக்கொண்டு பக்கவாட்டில் பறந்தன. நான் துள்ளிக் குதித்தேன். அவர் ஒவ்வொன்றாக எண்ணி, பதினொன்றும் சரி என்றதும்தான் மூச்சு விட்டார். அதன் பிறகு தினமும் அப்படித்தான். வெடிக்கு அவை அசையாது, தகரத்துக்குப் பறக்கும். அவர் எண்ணுவார்.

ஒன்பதாம் நாள் காலை. கூட்டத்தில் பெரிய ஆண் மயில் ஒன்று உண்டு. அந்த மாதத்தில் தோகை உதிர்ந்து மொட்டையாக இருந்தாலும் நடையில் ராஜாதான். மற்றவை மேய, அது தகரத்துக்குக் கீழே வந்து நின்றது. தள்ளிப் போகட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு எட்டு நகர்ந்தது. அவர் பொட்டு வைத்துவிட்டு ஒதுங்கினார். பொட்டின் தலையில் குமிழ், குமிழின் தலையில் தகரம். விசையை அழுத்தினேன்.

வெடித்தது. வெள்ளைப் புகை முகத்தை மறைத்தது. தகரம் சத்தம் போடவில்லை.

காதில் விழாமல் போயிருக்குமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது. புகை விலகியது. மயில்கள் பறக்கவில்லை, தலையைத் தூக்கிவிட்டு மறுபடி மேய்ந்தன. அவர் விரலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பத்துத்தான் இருக்கு" என்றார்.

பெரிய ஆண் மயிலைக் காணோம்.

துப்பாக்கியை மோட்டார் ரூம் சுவரில் சாத்திவிட்டு ஓடினேன். அவர் செருப்பை உதறிவிட்டு எனக்கு முன்னால் ஓடினார். வரப்புக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு நின்றிருந்த அடுத்த காட்டுக்காரர், "என்ன, இன்னிக்குத் தகரச் சத்தத்தக் காணோம்?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் பக்கம் இறங்கினார். என் காடு போய்விட்டது என்று நினைத்தேன். அதைவிட, ஒரு உயிரை, அதுவும் என் வீட்டுக்காரர் தினம் கும்பிடுகிற உயிரை, என் கையால் முடித்துவிட்டேனே! கம்பத்தின் காலடியில் ரத்தம் தேடினேன். இறகு தேடினேன். ஈர மண்ணில் மயிலின் கால் தடம்தான் இருந்தது. தடம் கரை மேல் ஏறிப் போயிருந்தது.

அடுத்த காட்டுக்காரர் தகரத்தின் முன்னால் நின்றுவிட்டார். ஒன்பது நாளாக ஒரே இடத்தில் பட்டுப் பட்டு, துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் எலுமிச்சம்பழம் போகும் அளவுக்கு ஒரே ஓட்டையாகக் கிழிந்திருந்தது. புதிதாக வேறு துளை எதுவும் இல்லை. அவர் தகரத்தை விலக்கி, நேர் பின்னால் கரை மண்ணில் இருந்த பள்ளத்துக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினார். ஒரு குண்டு வந்தது. உள்ளங்கையில் வைத்தவர், "சுடுது" என்றார்.

குண்டு தகரத்தைத் தொடாமல் அந்த ஓட்டை வழியாகவே போயிருக்கிறது.

அப்போது வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அகவல். ஊரே கேட்கும்படியான சத்தம். நிமிர்ந்து பார்த்தால், அடுத்த காட்டுக்காரருடைய மோட்டார் ரூம் கூரையில் நின்றுகொண்டு, அந்த மொட்டை ராஜா கழுத்தை வளைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, அப்படியே திரும்பி, ஓட்டை விழுந்த தகரத்தையும் கும்பிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். போன தடவை அழுத அதே இடம்.

அடுத்த காட்டுக்காரர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே போட்டார். கம்பத்தின் கம்பியை அவிழ்த்து, தகரத்தை ஓட்டையில்லாத பக்கம் நடுவில் வருகிற மாதிரி நகர்த்தினார்.

"ஒரு சாண் தள்ளிக் கட்டுறேன், தாயி" என்றார். "நீ பாட்டுக்கு ஓட்டைக்குள்ளயே சுட்டுக்கிட்டு இருந்தா மயிலு எப்படிப் போகும்? சத்தம் வரணும்ல."

கம்பியை இறுக்கி முறுக்கிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று மோட்டார் ரூம் பக்கம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுநாள் காலை தகரம் டணார் என்றது. வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என் வீட்டுக்காரர் எண்ணி முடிப்பதற்கு முன்னால், "பதினொன்னும் போயிருச்சு தாயி" என்று குரல் வந்தது.